இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாறாம் காலடி

மொந்தெலூனா என்ற அந்தத் துறைமுக நகரத்தில் வழி கேட்டால் யாரும் கையை நீட்டித் திசை காட்டமாட்டார்கள், குனிந்து தரையைக் காட்டுவார்கள். பிரகாசிக்கு அது தெரியாது. புனித யாத்திரைப் பேருந்து காலை ஒன்பது மணிக்குத் தபால் நிலையச் சதுக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்ததும் உள்ளே ஏறிய நாற்றத்தில் நாற்பத்திரண்டு பேரும் ஜெபமாலையை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்தார்கள். வெளியே நின்ற ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டு நாயைக் கண்டு விருந்தாளி பயப்படும்போது வீட்டுக்காரர்கள் சிரிப்பார்களே, அப்படிச் செல்லமாகச் சிரித்தார்கள். அந்த ஊரைப்பற்றி அவள் முதலில் அறிந்தது அவ்வளவுதான்.

பிரகாசிக்கு நாற்றம் புதிதல்ல. மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், கருவாட்டுக் கொட்டகைக்குப் பின்வீட்டில் பிறந்தவள் அவள். மூன்று நாள் வெயிலில் கிடந்த திருக்கை மீனின் வயிற்றைக் கையால் கிழித்தவள். ஆனால் இந்த நாற்றத்துக்கு அடியில் ஓர் இனிப்பு இருந்தது, பழுத்து வெடித்து ஈ மொய்க்கிற பலாப்பழத்தின் இனிப்பு, அது மூக்கோடு நிற்காமல் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அவள் துப்பினாள். துப்பினதும் திரும்ப ஊறியது.

"நாலு மணிக்கு எல்லாரும் இங்க வந்துரணும்" என்று யாத்திரையை நடத்திவந்த சாமி சொன்னார். "நாலு தாண்டினா பஸ் நிக்காது."

மற்றவர்கள் கதீட்ரலைப் பார்க்கப் போனார்கள். பிரகாசி போகவில்லை. அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த அவள் புருசன் இன்னாசிமுத்து, ஒரு பார்சலின் மேல் எழுதியிருந்த முகவரியைப் பார்த்து அவள் மகள் ஜெனிட்டா எழுத்தெழுத்தாகப் பெயர்த்தெழுதிக் கொடுத்த சீட்டு அது. தனியாக இருக்கும் ஒரு கிழவரைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. குளிப்பாட்டி, ஊட்டி, முதுகு தேய்த்து, படுக்கவைக்கிற வேலை. அந்த வேலையில்தான் ஊரில் மாடி எழும்பியது, தரைக்குக் கிரானைட் போட்டது, ஜெனிட்டாவுக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்குக்கூட அவன் வரவில்லை. "பெரியவர் என் கையால மட்டும்தான் சாப்பிடுதாரு, விட்டுட்டு வந்தா செத்துருவாரு" என்று போனில் சொன்னான். பெத்த பிள்ளை செய்யமாட்டான் இப்படி என்று ஊரே சொன்னது. கோயிலில் பிரசங்கத்தில்கூட அவன் பெயர் வந்தது. பிரகாசி அந்தப் பெருமையைக் கழுத்துச் சங்கிலிபோலப் போட்டுக்கொண்டு நடந்தவள். வருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்பான் என்று, சொல்லாமலே வந்திருந்தாள்.

சீட்டை ஒரு போலீஸ்காரனிடம் காட்டினாள், தரையைக் காட்டினான். பூ விற்கிறவளிடம் காட்டினாள், அவளும் தரையைக் காட்டி, விரலால் நடப்பதுபோலச் செய்தாள். தபால் நிலையப் படிக்கட்டில் பைப் புகைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் சீட்டை வாசித்துவிட்டு மகிழ்ச்சியோடு தலையாட்டி, அவரும் தரையைக் காட்டினார். அப்போதுதான் அவள் பார்த்தாள். கருங்கல் பாவிய தரையில், படிக்கட்டிலிருந்து தொடங்கி, ஈரமான ஒரு காலடி, அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கு முன்னால் இன்னொன்று. பச்சையும் கறுப்புமாக, குளத்துப் பாசிபோல மின்னிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் எண் அடித்து. நாற்றம் அவற்றிலிருந்துதான் வந்தது.

சதுக்கத்தின் மூலையில் தமிழில் 'மலர் மளிகை' என்று ஒரு பலகை தெரிந்தது. கடலில் விழுந்தவள் கட்டுமரத்தைப் பிடிப்பதுபோல அவள் அதை நோக்கிப் போனாள்.

கடைக்காரி தவமலர் யாழ்ப்பாணத்துக்காரி, பதினாறு வருடமாக அந்த ஊரில் இருப்பவள், நாற்பது வயதுக்கு நரை அதிகம். சீட்டைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் மூடித் திறந்தது.

"இது கடைசி வீடக்கா" என்றாள். "இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு. காலடியைப் பிடிச்சுக்கொண்டே போங்கோ, வழி பிழைக்க ஏலாது."

"இது என்ன கால்?"

"கால்தான்" என்றாள் தவமலர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, தேநீர் ஊற்றிக்கொடுத்து, சொன்னாள்.

இரண்டு வருடம் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலை விடிந்தபோது அந்தக் காலடிகள் கிடந்தன. முதலில் ஊர் வாந்தி எடுத்தது. நகராட்சிக்காரர்கள் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், அமிலம் ஊற்றினார்கள், இயந்திரம் வைத்துச் சுரண்டினார்கள், கல்லையே பெயர்த்து வேறு கல் பதித்தார்கள், மறுநாள் காலை புதுக் கல்லின்மேலும் அதே பாதம், அதே ஈரம். ஆயர் வந்து தீர்த்தம் தெளித்தார், தீர்த்தமும் நாறியது. ஆனால் மொந்தெலூனா சபிக்கப்பட்டதுபோலக் குறுகிய சந்துகளின் ஊர். ஒரே பெயரில் ஏழு தெருக்கள் உண்டு, அங்கேயே பிறந்த தபால்காரன்கூட வழி தவறி மாலையில் யாரோ ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவான். அந்த ஊரின் குறுக்கே, தபால் நிலையத்தில் தொடங்கி, மீன் சந்தை, நீதிமன்றம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு குன்றின் உச்சிவரை, இருட்டிலும் மூக்கால் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு வழி கிடைத்தது. ஆறே மாதத்தில் ஜனங்கள், 'நானூற்றுப் பத்தில் இடப்பக்கம் திரும்பு', 'எண்ணூற்றி ஆறுக்கு எதிர்வீடு' என்று முகவரி சொல்லத் தொடங்கினார்கள். நகராட்சி எண்ணிப் பித்தளை அடித்தது. கடிதத்தில் தெருப்பெயர் எழுதுவது நின்றது. காலடி ஓரத்துக் கடைகளில் வியாபாரம் ஏறியது. காலடி இல்லாத தெருக்கள் சத்தமில்லாமல் காலியாயின. பிறகு ஊர்வலம் வந்தது, திருநாள் வந்தது.

"நாத்தம் அடிக்கலையா உங்களுக்கு?"

"பழகிப் போச்சக்கா. லீவிலை வேற ஊருக்குப் போனால் மூச்சு முட்டுது" என்றாள் தவமலர். "நீங்கள் முன்னாலை போங்கோ. ஒரு மணிக்குக் கடை பூட்டுவன். பூட்டிப்போட்டு வாறன்."

பிரகாசி நடந்தாள். காலடிகளை மிதிக்காமல், ஓரமாக, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தாள். முன்னூற்று இருபதில் ஒரு கல்யாணக் கூட்டம் நின்றது; வெள்ளை உடுப்புப் போட்ட மணப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தின்மேல் தன் காலை வைக்க, கூட்டம் கைதட்டியது, பெண் அந்தப் பாதத்தை மாப்பிள்ளையின் கைக்குட்டையில் துடைத்தாள், அவன் கைக்குட்டையை முத்தமிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். ஐந்நூற்றுப் பன்னிரண்டில் பாதம்போலச் செய்த பச்சை ஐஸ்கிரீம் விற்றார்கள், ஒரு பெண்பிள்ளை அதன் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் அம்மா பிரகாசி முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் வெளியூர் என்பதுபோல, தன் கைப்பையிலிருந்து மூக்கு இடுக்கி ஒன்றை எடுத்து நீட்டினாள். பிரகாசி வாங்கவில்லை. கண் தெரியாத ஒருவர் மூக்கை உயர்த்திக்கொண்டு நேர்கோட்டில் அவளைக் கடந்து போனார்.

அறுநூற்று எண்பதில், மீன் சந்தையின் வாசலில், ஒருவர் காலடிமேல் கிடந்த ஐஸ் கட்டியைக் கூட்டித் தள்ளினார். கழுவித் துடைத்தாற்போல ஒரு இடது பாதம் வெளிப்பட்டது. அதில் நாலு விரல்தான் இருந்தது. சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில், கயிறு இழுக்கும் விஞ்சில் மாட்டி நசுங்கிப் போன விரலின் அடிக்கட்டை, ஒரு மொச்சைக்கொட்டைபோல.

பிரகாசி நின்றுவிட்டாள். அந்தப் பாதத்தை அவள் மடியில் வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறாள். மூன்று மாதம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சி ஊற்றியிருக்கிறாள். உலகத்தில் நாலு விரல் பாதம் ஆயிரம் இருக்கும் என்று தன்னிடம் சொல்லிக்கொண்டாள். குதிகாலில் மூன்று வெடிப்பு இருந்தது, மூன்றையும் அவளுக்குத் தெரியும். காலையில் குடித்த காப்பியும், தேநீரும், நேற்று யாத்திரை விடுதியில் தின்ற ரொட்டியும் மொத்தமாக மேலே வர, அவள் சந்தைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மீன்காரர்கள் அன்பாகத் தண்ணீர் கொடுத்தார்கள். முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் என்று சைகையில் சொன்னார்கள்.

அதற்கப்புறம் அவள் எண்களைப் பார்க்கவில்லை. கயிறு கட்டி இழுக்கப்படுகிற மாடு மாதிரி நடந்தாள். நீதிமன்றத்தைத் தாண்டி, பிள்ளைகள் வரிசையாகக் காலடிமேல் தாவித்தாவிப் போகிற பள்ளிக்கூடத்தைத் தாண்டி, படிப்படியாகக் குன்றேறி, பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு கதவின் முன்னால் வந்து நின்றாள். வாசற்கல்லில் கடைசிப் பாதம். பித்தளை பளபளவென்று துடைத்திருந்தது. கதவுக்கு வெளியே, உள்ளே இருப்பவர்களைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று நகராட்சி கட்டிய கயிறு ஒன்று தொங்கியது. அவள் கயிற்றைத் தாண்டிக் கதவைத் தட்டினாள்.

இன்னாசிமுத்து திறந்தான். மெலிந்திருந்தான், சட்டை இஸ்திரி போட்டிருந்தான், தலைக்கு எண்ணெய் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்படக்கூட இல்லை, வெகுநாளாக எதிர்பார்த்த யாரோ ஒருத்தர் தப்பான உருவத்தில் வந்துவிட்டதுபோல வழிவிட்டான்.

உள்ளே நாற்றமே இல்லை. அதில்தான் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சோப்பு வாசனை, வெயில் வாசனை, அடுப்பில் கொதிக்கிற பருப்பின் வாசனை. நாற்றம் முழுவதும் கால்வழியே வெளியேறி ஊருக்குள் போய்விட்டிருந்தது.

"பெரியவரு எங்க?"

"தூங்குதாரு."

"நான் பாக்கணும்."

"வேண்டாம், பிரகாசி."

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் கழுத்துவரை நீலப் போர்வை போர்த்தி, முகத்தில் ஒரு கைக்குட்டை விரித்து, கிழவர் படுத்திருந்தார். கைக்குட்டையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த கை போதும். வாளைக் கருவாடு அப்படித்தான் இருக்கும், எலும்போடு தோல் ஒட்டி, உப்பேறி. மணிக்கட்டில் ஒரு கடிகாரம், அது ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

"எப்ப?"

"ரெண்டு வருசம் ஆச்சு. நாலு மாசம் கூடுதல். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன், வந்து பாத்தா போயிட்டாரு. நானா ஒண்ணும் செய்யல, மாதா சத்தியமா. மொத நா பயந்து இருந்துட்டேன். ரெண்டா நாளும் பயந்தேன். மூணா நா அவரு பென்சன் தேதி. கார்டும் கையெழுத்தும் எங்கிட்டதான், தபாலாபீசுல வாங்கிட்டு நடந்தே வந்தேன். ஜெனிட்டாவுக்கு அப்பதான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டுப் போயிருந்தாங்க." நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "செருப்புப் போட்டுத்தான் நடந்தேன். பாதம் எப்படி எறங்குச்சின்னு தெரியல. மாசாமாசம் போர்வை மாத்துதேன். ஞாயித்துக்கிழமை முடி சீவுதேன். யாரு செய்வா இப்படி?"

கடைசி வாக்கியத்தை அவன் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிரகாசிக்கு அந்தப் பெருமையை அடையாளம் தெரிந்தது. அதே பெருமைதான் அவளும் போட்டுக்கொண்டு திரிந்தது. கிரானைட் தரையில் வெயில் நேரத்தில் வெறும் முதுகோடு படுத்திருந்த மத்தியானங்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் குளிர்ச்சி எதன் குளிர்ச்சி என்று இப்போது முதுகுக்குத் தெரிந்தது. அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "சாப்பிடு, பருப்பு வெந்துரும்" என்றான்.

"என்னைத் தொடாதீரும்" என்றாள். இருபத்தைந்து வருடம் நீங்க என்று சொன்ன வாய், அவளைக் கேட்காமலே மாறிக்கொண்டது.

ஒரு மணி தாண்டித் தவமலர் வந்தாள். கயிற்றுக்கு வெளியிலேயே நின்றாள். பிரகாசி வாசலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை தவமலர் பித்தளைத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊர்க்காரங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள் பிரகாசி. "எனக்கு அவங்க பாசை தெரியாது."

"அவைக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. ஆனா தெரியும். கதவைத் திறந்தால் காலடி போயிடும் எண்டு எல்லாருக்கும் ஒரு பயம். அதுதான் கயிறு கட்டினவை."

"உமக்கு?"

"என்ர கடை நாலாம் காலடியிலை இருக்கு" என்றாள்.

பிரகாசி எழுந்தாள். அழுகை வரவில்லை. எச்சில்தான் ஊறியது, தவமலர்மேல், பருப்பு கொதிக்கிற வீட்டின்மேல், கைக்குட்டையை முத்தமிட்டவன்மேல், எல்லாரையும்விடத் தன்மேல் துப்பவேண்டும்போல இருந்தது. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். புருசனின் மணிக்கட்டைப் பிடித்தாள், ஈரத்துணியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்தாள். "போலீஸ் ஸ்டேஷனுக்கு வாரும்."

அவன் மறுக்கவில்லை. "எங்க இருக்குன்னு தெரியாதே" என்றான்.

தவமலருக்கும் தெரியவில்லை. பதினாறு வருடத்தில் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது, விசா பதிய நாலைந்து முறை போயிருக்கிறாள், இப்போது யோசித்தால் காலடி மட்டும்தான் கண்ணுக்குள் வருகிறது. எதிர்வீட்டுக்காரியைக் கேட்டாள். அவள் புன்னகைத்துத் தரையைக் காட்டினாள். இல்லை, காவல் நிலையம் என்று தவமலர் திரும்பவும் சொன்னாள். அந்தப் பெண்ணின் புன்னகை அப்படியே இருக்க, கண் மட்டும் அந்த மூன்று பேரின் கால்களைப் பார்த்தது, இன்னாசிமுத்துவின் இடது செருப்பைப் பார்த்தது, அவள் மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டாள். தெரு நெடுக ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

"எந்தப் பக்கம் நாத்தம் கொறையுதோ அந்தப் பக்கம் போவோம்" என்றாள் பிரகாசி.

அப்படித்தான் போனார்கள். மூக்கை முன்னால் விட்டு, காலடிக்கு முதுகைக் காட்டி, அவள் முன்னால், அவன் நடுவில், தவமலர் பின்னால். முதல் சந்து ஒரு சுவரில் முடிந்தது. இரண்டாவது சந்து அவர்களைச் சுற்றிக்கொண்டுவந்து திரும்பவும் ஆயிரத்துத் தொண்ணூறில் நிறுத்தியது, அங்கே ஓர் இறைச்சிக் கடைக்காரர் தாராளமாக வழி காட்டினார், தரையில். மூன்றாவதில் கல்லிடுக்கில் முழங்கால் உயரப் புல் முளைத்திருந்தது. இரண்டு வருடமாக யாரும் நடக்காத தெரு. கதவுகளில் துரு, ஒரு மொட்டை மாடியில் காய்கிற ஒற்றைப் போர்வை. அங்கே காற்றில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. தவமலருக்கு அது பொறுக்காமல் இருமல் வந்தது. பிரகாசி தன் புருசனின் காலைக் குனிந்து பார்த்தாள். அவன் நடந்துவந்த இடமெல்லாம் புழுதிதான், செருப்புத் தடம்தான்.

தெருக்கோடியில் செருப்புத் தைக்கிற ஒருவர், தைக்க ஒன்றுமில்லாமல், ஊசியை மட்டும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவமலர் கேட்டபோது அவருக்குக் கேள்வி புரிய நேரமானது. யாரும் தன்னிடம் வழி கேட்டு அவ்வளவு நாளாகிவிட்டது. பிறகு அவர் எழுந்து, கையை நீட்டி, அதோ, மணிக்கூண்டுக்கு வலப்பக்கம், அங்கிருந்து மூன்றாவது கட்டடம் என்று காட்டினார். ஒரு மனிதன் கையை நீட்டி வழி காட்டுவதை அந்த ஊரில் அன்று காலையிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தாள் பிரகாசி. அவர் கடையைப் பூட்டாமலே கூட நடந்து வந்தார், வழியில் தெருப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

காவல் நிலையத்தில் பிரகாசியின் போன் அடித்தது. மணி நாலு ஐந்து. "எங்கம்மா இருக்க? எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் சாமி.

"நீங்க போங்க சாமி. எனக்கு இங்க ஒரு சாவு" என்றாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நரைத்த மீசைக்காரர். கேட்டுக்கொண்டார், பேனாவைத் திறக்கவில்லை. எந்த வீடு என்றார். இன்னாசிமுத்து அந்த மொழியில், "இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாறு" என்றான். அதிகாரி தலையை ஆட்டி, அது நகராட்சிச் சொத்தல்லவா, அதைத் தொடுவதென்றால் மேயரைக் கேட்கவேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார்.

தவமலர் அதைத் தமிழில் சொன்னதும் பிரகாசி புருசன் பக்கம் திரும்பினாள். "நம்பர் சொல்லாதீரும். அவருக்குப் பேரு இருக்குல்லா. அதைச் சொல்லும்."

இன்னாசிமுத்து வாயைத் திறந்தான், மூடினான். இரண்டு வருடம் நாலு மாதமாக மாதந்தோறும் அந்தப் பெயரைக் கையெழுத்துப் போட்டவனுக்கு, அதை வாயால் சொல்ல வரவில்லை. கடைசியில் சொன்னான். "எவாரிஸ்தோ கலான்த்ரா. ரயில்வேயில் சிக்னல்காரர். எண்பத்தொன்பது வயசு. பால் சாதம் பிடிக்கும். மரப்படித் தெரு, பதினேழாம் வீடு."

பெயர் மேசைமேல் விழுந்ததும் அதிகாரியின் முகம் கோணியது. அவர் மூக்கைப் பிடித்தார். நிலையத்தில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்தார்கள், இரண்டு வருடமாக மூச்சோடு உள்ளே போனதெல்லாம் அந்த நொடியில்தான் நாறியது. ஒருவர் ஜன்னலுக்கு ஓடி வெளியே வாந்தி எடுத்தார். வெளியே ஊரே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார்கள், முதல் வாளிக்கே காலடிகள் சாயம் போனதுபோலக் கரைந்து சாக்கடைக்குள் ஓடின, கழுவிய கல்லின்மேல் பித்தளை எண்கள் மட்டும் எதற்கென்று தெரியாமல் மிஞ்சின. பைநிறையக் கடிதத்தோடு ஒரு தபால்காரன் நாற்சந்தியில் நின்றான். பள்ளி விட்ட பிள்ளைகள் நின்றார்கள். கண் தெரியாதவர் மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, கோபமாக, யாரிடம் என்று தெரியாமல் கத்தினார். பிறகு யாரோ ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் எதையோ கேட்டார், அவருக்கும் தெரியவில்லை, இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தேடிப் போனார்கள். செருப்புத் தைக்கிறவர் அவர்களை நோக்கி வேகமாக நடந்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்து பெயரை எழுதினார், எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். இன்னாசிமுத்து பெருமூச்சு விட்டு, சுவரோரப் பெஞ்சில் சரிந்து, "இனி நிம்மதி" என்று முணுமுணுத்தான். பிரகாசி அவனுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பெஞ்சுக்குப் போனாள்.

அதிகாரி தலை நிமிராமல் எதையோ கேட்டார்.

"நீங்கள் அவருக்கு என்ன முறை எண்டு கேக்கிறார் அக்கா" என்றாள் தவமலர். "அவற்ர பெண்சாதி எண்டு சொல்லட்டோ?"

பிரகாசி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்த இரண்டு விரலையும் முகர்ந்தாள்.

"இவருக்கு யாருன்னா கேக்காரு, செத்தவருக்கு யாருன்னா?"

தவமலர் கேட்டுவிட்டுச் சொன்னாள். "செத்தவருக்கு."

"அவர் சோத்தைத் தின்னவளுன்னு எழுதச் சொல்லுங்க."

தவமலர் அதை அவர் மொழியில் சொன்னாள். அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பிரகாசியைப் பார்த்துவிட்டு, குனிந்து, அப்படியே எழுதிக்கொண்டார்.